சுரங்கத்தை மூடச் சொன்னவன்

— கையைக் காட்டு வலேரி. இந்த ரத்தம் உன்னோடதா?

— கோல்யாவோடது. ஷிப்டு முடிஞ்சு குளிக்கிற இடத்துல வெச்சு ரெண்டு போட்டேன். மூக்கு உடைஞ்சிருக்கும். துரோகிப் பய.

— உன்கூடவே சுரங்கத்துல இறங்கினவன் அவன்.

— அதான் ரெண்டோட விட்டேன். சுரங்கத்தை மூட ஒத்துக்கிறதா, வேலைநிறுத்தமான்னு சங்கம் ஓட்டெடுப்பு வெச்சுதே ரைசா, அத்தனை பேரும் நிறுத்தம்தான்னு என் கையிலடிச்சு சொன்னானுங்க. இன்னைக்கு முடிவு வருது, மூடலாமாம்.

— அதுக்குக் கோல்யா என்ன பண்ணுவான்?

— கம்பெனி நடத்தின கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவன் அவன் ஒருத்தன்தானே? அவன்தான் எல்லார் மனசையும் கலைச்சிருக்கான். எஸ்தோனியா முழுக்க விளக்கெரிய எண்ணெய்க்கல் வெட்டிக் கொடுத்தது நாங்க. இப்போ புகை ஆகாதாம். தலைநகர் தாலின்ல கம்ப்யூட்டர் திரையைத் தட்டுறவனுக்குத்தான் சோறாம். நம்ம நார்வா ஊர்க்காரன் எங்கேடி போவான்?

— உங்கப்பா அந்தக் கல்தூசியோடதான் போய்ச் சேர்ந்தார். நீயும் ராத்திரியெல்லாம் இருமுற.

— பேச்சை மாத்தாத.

— மாத்தலை. உன் அடையாள அட்டை எங்க?

— உன் கைப்பையிலதான். வரி, பேங்க், மருந்து எல்லாத்துக்கும் நீதானே அதைக் கம்ப்யூட்டர்ல சொருகித் தட்டுற. ரகசிய எண்ணும் உனக்குத்தான் தெரியும்.

— அப்போ அதே அட்டையில உன் சங்கத்து ஓட்டை யாரு போட்டா?

— நிறுத்தம்னு போட்டுடுன்னு சொல்லிட்டுத்தானே ஷிப்டுக்குப் போனேன். போட்டாச்சுன்னு சொன்னியே.

— போட்டாச்சுன்னு மட்டும்தான் சொன்னேன்.

— ரைசா.

— மூடுங்கன்னு போட்டேன்.

— என் பேர்லயா?

— உன் பேர்லதான். இன்னொரு தடவை சவப்பெட்டிக்குப் பின்னாடி நடக்க என்னால முடியாது.

— சரி, நீ ஒரு ஓட்டு. மத்தவனுங்க? நூத்துக்கணக்குல விழுந்திருக்கே.

— கம்ப்யூட்டர்னா பொம்பளை வேலைன்னு கேன்டீன்ல உட்கார்ந்து சிரிப்பீங்கல்ல? சனிக்கிழமை சௌனாவுல, அந்த நீராவிக் குளியல் அறையில வேர்க்க வேர்க்க உட்கார்ந்து நாங்க பேசி முடிச்சோம். தெருத்தெருவா சொல்லியனுப்பினோம். ஒவ்வொருத்தி கைப்பையிலயும் அவ புருஷன் அட்டை.

— எல்லாருமா?

— பொண்டாட்டி இருக்கிற எல்லாரும். கோல்யாவுக்குத்தான் யாரும் இல்லையே. நம்ம வீட்டுக்கு வந்து, அதோ அந்தக் கம்ப்யூட்டர்ல, என் கண் முன்னாடி அவனே போட்டான். வேலைநிறுத்தம்னு.