மலைக்கடை ஆணுறைகளைக் கண்ணால் கண்டு எண்ணிய கோகிலவாணி அம்மையாருக்குப் பணிநிறைவு வாழ்த்துமடல்

கள்ளக்குறிச்சியாம் கல்லை நகரின் களப்பணிக்குக் கண்ணும் காலுமாய் நின்ற கோகிலவாணி அம்மையாரே! கொண்டை ஊசி வளைவுகளைக் குடையும் துணிப்பையுமாகக் கடந்த குன்றாத குணக்குன்றே! கடைக்காரர் ‘இருக்கு’ என்றால் எடுத்துக் காட்டச் சொல்லி, காட்டினால் காலாவதித் தேதியையும் படித்துப் பார்த்த கறாரின் சிகரமே! வணக்கம்!

தங்கள் பெருமையைத் தங்களிடமே சொன்னால் ‘போதும், நிறுத்துங்கப்பா’ என்று குறுக்கே விழுவீர்கள். ஆகவே அவையோரைப் பார்த்துச் சொல்கிறோம்.

அவையோரே! ஆணுறை, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம், நாப்கின் ஆகியவை பெட்டிக்கடையிலும் மெடிக்கலிலும் கிடைக்கின்றனவா என்று அளப்பதே எங்கள் அலுவலகத்தின் வேலை. இருபத்தொன்பது ஆண்டுகள் அம்மையார் அதை நடந்தே அளந்தார். நாங்களும் அளந்தோம், பெரும்பாலும் சங்கராபுரம் டீக்கடையில் உட்கார்ந்து அளந்தோம். படிவத்தில் ‘ஆணுறை’ என்று அச்சிட்ட இடத்தை எங்கள் ஆண்சிங்கங்கள் கடைக்காரரிடம் விரலால் தொட்டுக் காட்டினார்களே தவிர, வாய் திறந்து கர்ஜித்ததில்லை.

சென்ற மாதம் ஒரு பெருஞ்சாதனை நிகழ்ந்தது. ஒரு ஜீப்பில் நால்வர் படை கல்வராயன் மலையேறி, நாற்பத்தொரு கடைகளை அளந்து, நாற்பத்தொன்றிலும் ‘ஆணுறை இல்லை’ என்று கண்டறிந்து திரும்பியது. திட்ட அலுவலர் பூரித்தார். இத்தனை சுத்தமான எண் அவர் வாழ்வில் வந்ததே இல்லை. ‘மலையில் தேவையே இல்லை’ என்று வண்ணப் படங்களோடு அறிக்கை தயாரானது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அது கையெழுத்தானால், மலைக்குப் போகும் ஆணுறைச் சரக்கு அடியோடு நின்றுவிடும்.

அம்மையார் படிவங்களைப் புரட்டினார். எல்லாவற்றின் அடியிலும் பொடி எழுத்தில் ‘கடை மூடியிருந்தது’ என்று இருந்தது. படைத்தலைவர் தங்கதுரையை அழைத்தார்.

“ஏம்பா, பூட்டின கடையில இல்லன்னு எப்படி எழுதின?”

“கேட்டேன்மா. பதில் வரல.”

“யாரை? ஷட்டரையா?”

வெள்ளிக்கிழமை முதல் பேருந்தில் அம்மையார் தனியே மலையேறினார். வெள்ளிமலைப் பேருந்து நிறுத்தத்தில், பூமாலை என்பவரின் பெட்டிக்கடை முன் நின்று, ஊருக்கே கேட்கும்படி சொன்னார்:

“ஆணுறை ஒரு பாக்கெட் குடும்மா.”

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் டீயை மறந்தார்கள்.

“இன்னாக்கா, இந்த வயசுலயா?” என்றார் பூமாலை.

“என் வயச வுடு. அதுக்கு வயசு தாண்டிச்சான்னு பாரு.”

பூமாலை சிரித்துக்கொண்டே பெருங்காய டப்பாவின் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

“அப்புறம் ஏம்மா அன்னிக்கு எங்க ஆளுங்க வந்தப்போ கடையச் சாத்தின?”

“ஜீப்பப் பார்த்தா மலையே சாத்திக்கும்க்கா! சாராய ரெய்டுன்னு போலீசுக்காரங்க வர்றாங்க. இன்னா ஏதுன்னு கேக்கறதுக்குள்ள மூட்டையெல்லாம் கவுத்துட்டுப் போயிடறாங்க. நீ பஸ்ல வந்த, கடை தொறந்துகினு இருக்குது.”

மூன்று நாள், நாற்பத்தொரு கடை. திங்களன்று, சென்னையிலிருந்து வந்த மேலதிகாரியின் முன் திட்ட அலுவலர் முழங்கிக்கொண்டிருந்தபோது, அம்மையார் துணிப்பையை மேசைமேல் கவிழ்த்தார். முப்பத்துமூன்று பாக்கெட்டுகள்! ஒவ்வொன்றிலும் கடையின் பெயர் எழுதி ஒட்டிய சீட்டு! திட்ட அலுவலர் வரவேற்புச் சால்வையை எடுத்து அவற்றைப் போர்த்தப் பார்த்தார்.

“இன்னாம்மா இது, நாலு பேர் இருக்கற எடத்துல…”

“இல்லன்னு சொன்ன சரக்கு சார். எண்ணிப் பாருங்க. மீதி எட்டுக் கடையில வித்துத் தீந்துபோச்சு. எப்ப வரும்னு என்னையே கேட்டாங்க.”

ஒருவரும் தொடவில்லை. அம்மையாரே சால்வையை விலக்கிச் சத்தமாக எண்ணினார். முப்பத்துமூன்று என்று முடித்தபோது, மேலதிகாரி அறிக்கையை மூடித் திருப்பிக் கொடுத்தார். மலைக்குச் சரக்கு நிற்கவில்லை, இரட்டிப்பாயிற்று! அதைத் தம் தொலைநோக்கு என்று பதாகை அடித்த திட்ட அலுவலரும் இதோ முன்வரிசையில் வீற்றிருக்கிறார், அவரும் வாழ்க!

அம்மையாரே! இன்று காலை மாலைகள் வந்து சேருமுன்னே பூமாலையின் அழைப்பு வந்தது: “அக்கா, வந்த பெட்டி நாலே நாள்ல காலி. இன்னொண்ணு அனுப்பச் சொல்லு.” தங்கள் பணிக்காலத்தின் கடைசிக் கையெழுத்து அந்தக் கோரிக்கைக் கடிதத்தில் விழுந்தது.

மூட்டுவலி முட்டாமல், மூச்சிரைப்பு அண்டாமல், பேரப்பிள்ளைகளையும் கேள்வி கேட்டுத் திணறடித்துப் பல்லாண்டு வாழ்க! பெட்டி தயார். நாளைக் காலையின் முதல் பேருந்தில், ஜன்னலோர இருக்கையில் அதை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே என்ன என்று யார் கேட்டாலும் வாய் திறந்து சொல்வதாக வாக்குக் கொடுத்து, தங்கதுரை மலையேறுகிறார்.

இங்ஙனம்,
தங்களிடம் திட்டு வாங்கித் தேறிய
அளவீட்டு அலுவலக ஊழியர்கள், கள்ளக்குறிச்சி