எதுக்கு எழுந்தாரு

– கையெழுத்து மட்டும் தான்ணே பாக்கி. பேரு, தொகுதி, தேதி எல்லாம் டைப் அடிச்சிக்கினு வந்துட்டேன். கீழ ஒரு கோடு போட்டிருக்கேன் பாருங்க, அங்க போட்டுக் குடுத்துடுங்க.

– வை தொம்ம, அந்த டீப்பாய் மேல வை. இப்ப தான் குளிச்சிட்டு வந்து உக்காந்தேன். எம்மெல்லேவும் மனுசன் தான்டா, ஒரு டீ குடிக்க வுடு.

– டீ சொல்லிட்டேன். மணி ஒம்போதர ஆவுது. பதினோரு மணிக்கு ஆலங்கொல்லையில கிராம சபை. இந்தத் திண்டிவனத்துல இருந்து மயிலம் தாண்டிப் போவணும். நீங்க ஜல்தியா போட்டீங்கன்னா போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கினு கெளம்பிடுவேன். ஒரிஜினல நாளைக்கு மெட்ராசுக்கு நானே எடுத்துக்கினு போயி சபாநாயகர் ஆபீஸ்ல குடுத்து சீல் வாங்கியாந்துடறேன்.

– மே தினம்டா இன்னிக்கி. ஊரே லீவுல இருக்குது.

– லீவு நாளுல தானண்ணே கிராம சபையே வைக்கறாங்க.

– சரி, என்னா எழுதியிருக்க?

– படிச்சிப் பாருங்க. நாலு வரி கூட இல்ல.

– கண்ணாடி ரூம்ல இருக்குது.

– எடுத்தாரட்டா?

– வுடு, அப்பறம் பாக்கலாம். மொதல்ல நீ இத சொல்லு. அந்த போஸ்டரு இன்னும் இருக்குதா?

– மயிலம் கூட்ரோட்டுல ஒட்டுனத நம்ம பசங்க கிழிச்சிட்டாங்க. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட இன்னும் இருக்குது. ‘தெருவில் இல்லை, சபையில் ஆமாம்’னு கொட்ட எழுத்து. சபைக் குறிப்புல உங்க பேரு வர்ற எடத்துல செவப்புல ஒரு வட்டம்.

– போட்டோவாவது நல்லதா போட்டிருக்கானுங்களா?

– வானூர் உண்ணாவிரதத்துல கடசியா எலுமிச்ச ஜூஸ் குடிச்சீங்களே, அது.

– அடப் பாவிங்களா. அது கெடைச்சிதா அவனுங்களுக்கு!

– சிரிக்காதீங்கண்ணே. எனக்கு ஒரே பேஜாரா இருக்குது.

– சிரிக்காம என்னா பண்ண சொல்ற? என்னா சொல்றேன்னா, ஏரிங்கள கம்பெனிக்குத் தூக்கிக் குடுக்கற இந்தச் சட்டத்த எதுத்து நான் பேசாத எடம் எது? மயிலத்துல மறியல். வானூர்ல உண்ணாவிரதம். ஆளுங்கட்சிக் கூட்டணியில இருந்துக்கினே, அவங்க சின்னத்துல ஜெயிச்சிட்டு, அவங்களயே மேடையில கிழிகிழின்னு கிழிச்சவன் இந்த ஜில்லாவுல இந்த வெங்கடாசலம் ஒருத்தன் தான். புரியுதா?

– எனக்குப் புரியுது. பக்கத்துல மைக் புடிச்சிக்கினு நின்னதே நான் தானே. ஜனம் இன்னா கேக்குது? ‘பேசனதெல்லாம் சரி. ஓட்ட எங்க போட்டாரு?’ அவ்ளோ தான் கேக்குது.

– அதுக்குத் தான் நீ பதில் சொல்லிட்டியே.

– சொன்னேன். பத்து நாளா பதினாறு ஊர்ல சொன்னேன். அண்ணன் வெளிநடப்பு பண்றதுக்குத் தான் எழுந்தாரு, அந்த நேரம் பாத்து ‘ஆதரிக்கறவங்க எழுந்து நில்லுங்க’ன்னு சபாநாயகர் சொல்லிட்டாரு, வரிசை வரிசையா தலைய எண்ணிக்கினு வந்தவங்க அண்ணன் தலையயும் சேத்து எண்ணிட்டாங்கன்னு.

– ஒரு பேப்பர்காரன் எனக்கே போன் போட்டுக் கேட்டான். ‘எங்க தொம்மை சொன்னது தான்’னு வச்சிட்டேன்.

– வேற ஒன்னும் சொல்லலியா?

– வேற என்னா சொல்றது? ஊர்ல நம்பறாங்களா அத?

– பாதிப் பேரு நம்பறாங்க. மீதிப் பேரு, ‘அப்பிடின்னா அவரு எதுக்கறாருன்னு அவரு கையாலயே எழுதிக் குடுக்கச் சொல்லு’ன்றாங்க. அதான் இந்த லெட்டரு.

– லெட்டருன்னு சாதாரணமா சொல்றியே. இதுக்கு என்னா அர்த்தம் தெரியுமா ஒனக்கு? நம்ம கட்சி ஒரு கட்சின்னு நீயும் நானும் தான் சொல்லிக்கிறோம். நான் ஜெயிச்சது அவங்க சின்னத்துல. சட்டப்படி நான் அவங்க ஆளு. ‘எல்லாரும் ஆதரிச்சித் தான் ஓட்டு போடணும்’னு கொறடா உத்தரவு போட்டிருந்தாரு. நான் எதுக்கறேன்னு நானே எழுதிக் குடுத்தா, அத வச்சிக்கினே பதவியப் புடுங்கிடுவாங்க. இன்னும் ரெண்டு வருசம் இருக்குது.

– தெரியும்ணே. வக்கீல் ஸ்டீபன்ராஜ கேட்டுக்கினு தான் வந்தேன். பதவி போறதுக்குத் தான் வாய்ப்பு ஜாஸ்தின்னாரு.

– கேட்டுக்கினே டைப் அடிச்சியா!

– ‘இந்த நாற்காலியத் தூக்கி ஏரியில வீசிட்டு வருவேன்’னு நீங்க தானே சொன்னீங்க.

– அது மேடையில சொன்னது தொம்ம.

– ஊர்க்காரங்க மேடையில சொன்னதத் தாண்ணே கேட்டாங்க. இந்த ரூம்ல நாம பேசிக்கறது அவங்களுக்குக் கேக்கல.

– நல்லா பேசற. சட்டம் பாஸ் ஆயிடுச்சி. அவங்க பக்கம் நூத்திச் சொச்சம் பேரு. என் ஒரு தலைய கழிச்சிட்டா மட்டும் ஏரி வூட்டுக்கு வந்துடுமா?

– சட்டம் தான் பாஸ் ஆயிருக்குது. நம்ம ஆலங்கொல்லை ஏரிக்கு இன்னும் ஆர்டர் வரல. எந்த ஏரிய கம்பெனிக்குக் குடுக்கறதா இருந்தாலும் அந்தத் தொகுதி எம்மெல்லே கருத்து வாங்கணும்னு அந்தச் சட்டத்துலயே ஒரு பிரிவு இருக்குது. உங்கள தனியா ஒன்னும் கேக்கப் போறதில்ல. ‘இவரு சபையிலயே ஆமான்னு எழுந்தவரு, அதுவே சம்மதம்’னு குறிப்பு எழுதி ஃபைலு போய்க்கினு இருக்குது. பதினஞ்சாந் தேதிக்குள்ள ஆர்டர் வந்துடுமாம்.

– யாரு சொன்னது?

– ஸ்டீபன்ராஜு தான். எம்மெல்லே சம்மதம் இல்லன்னு ஒரு காயிதம், கூடவே கிராம சபை தீர்மானம். ரெண்டும் இருந்தா கோர்ட்டுல நிறுத்திடலாம்ன்றாரு. ஒன்னு மட்டும் இருந்தா கஷ்டம்னுட்டாரு.

– போன் அடிக்குது பாரு.

– பஞ்சாயத்துத் தலைவரம்மா. கோவிந்தம்மா அக்கா. ஸ்பீக்கர்ல போடறேன், நீங்க மூச்சு வுடாதீங்க... அக்கா, சொல்லுக்கா.

– தொம்ம! எங்கடா கீற? ஜனம் இப்பவே வந்து பந்தல்ல உக்காந்துகிச்சி. கொல்லையில மல்லாட்ட செடி புடுங்கறத வுட்டுட்டு வந்திருக்குதுங்க.

– வந்துக்கினே இருக்கேன்க்கா. திண்டிவனத்துல தான்.

– ஒங்க எம்மெல்லே வராரா?

– லெட்டரு வருதுக்கா.

– அதே போதும். அந்தாளு வந்தா மைக்கப் புடிச்சிக்கினு வுட மாட்டாரு, சோறு ஆறிப் பூடும். தே, ஒன்னு சொல்றேன் கேட்டுக்க. அவரு வாயால சொன்னா நான் நம்ப மாட்டேன். நீ மாதா கோயிலு வாசல்ல நின்னுக்கினு சொன்னியே, அதுக்குத் தான் நம்பனேன். தீர்மானத்துல ‘எங்க எம்மெல்லேவும் எதுக்கறாரு’ன்னு ஒரு வரி சேத்து வச்சிகிறேன். லெட்டரு இல்லாம வந்தியானா அந்த வரிய அடிச்சிடுவேன்.

– அடிக்காத அக்கா. அத அடிச்சா பாதிப் பேரு எழுந்து பூடுவாங்க.

– பூடுவாங்கடா. ‘ஆளே இல்லாம நாம மட்டும் கைநாட்டு வச்சி இன்னா ஆவப் போவுது’ன்னு தான் பேசிக்கினு கீறாங்க. நூறு பேரு கையெழுத்தாவது வேணாமா? வெறுங்கையோட வராத சொல்லிட்டேன். போன தபா மாரி வண்டி சாவியப் புடுங்கிக்கினாங்கன்னா நான் குறுக்க வர மாட்டேன். வச்சிடறேன்.

– என்னா மரியாதடா எனக்கு! ‘அந்தாளு’ன்றா.

– அவங்க புருசனையே அப்பிடித் தான்ணே சொல்லுவாங்க.

– அது சரி, ஒன் வண்டி சாவிய புடுங்கனாங்களா? சொல்லவே இல்லியே.

– இன்னாத்த சொல்றது. ஏரிக்கரையில இருந்து மெயின் ரோடு வரைக்கும் நடந்தே வந்தேன். மறுநாளு குடுத்துட்டாங்க. அவங்களத் தப்பு சொல்ல முடியாது. ஓட்டு கேக்கறப்ப வூடு வூடா போனவன் நான். ‘ஏரி போச்சின்னா இந்த ஊர் எல்லைய மிதிக்க மாட்டேன்’னு சொன்னவன் நான். என் வூட்டுக்காரி செல்வி பொறந்த ஊரு அது. மாமனாரு நெலம் அந்த ஏரித் தண்ணியில தான் வெளையுது. பண்டிகைக்குப் போனா செல்விய மட்டும் உள்ள கூப்புட்டுச் சோறு போடறாங்க. நான் வாசல்லயே நிக்கறேன்.

– டீ வந்துடுச்சி, எடுத்துக்க.

– வேணாம்ணே. பத்தாவப் போவுது.

– தொம்ம, கதவ சாத்து.

– கையெழுத்துக்கு எதுக்குண்ணே கதவு...

– சாத்துடா.

– சாத்திட்டேன்.

– ஒக்காரு. இப்பிடி எதுக்க ஒக்காரு. என் கூட எத்தினி வருசமா இருக்க நீ?

– பத்தொம்போது.

– பத்தொம்போது வருசத்துல உன்ன மாரி ஒருத்தன் எனக்காக ஊரு ஊரா போயி நின்னதில்ல. அதான் என்னால தாங்க முடியல. என்னா சொல்றேன்னா... சீ, மேடை மாரியே வருது. இரு. அன்னிக்கி நான் வெளிய போவ எழுந்திருக்கல தொம்ம.

– நீங்க சொல்லுங்கண்ணே. கேட்டுக்கினு தான் இருக்கேன்.

– உக்காந்துக்கினே இருக்கணும்னு தான் போனேன். சத்தியமா. எதுக்கறவங்க எழுந்து நில்லுங்கன்னு சொல்லும்போது நான் ஒருத்தனாவது எழுந்து நிக்கணும், போனா போவுது பதவின்னு, காலையில சாமி படத்துக்கு முன்னால சொல்லிட்டுத் தான் போனேன். ஆதரிக்கறவங்கன்னு சொன்னாரு. என் வரிசையில அத்தினி பேரும் எழுந்துட்டாங்க. எனக்கு முன்ன ஒரே முதுகு. வெள்ள சட்டை, வெள்ள சட்டையா. சபாநாயகரே தெரியல எனக்கு. கல்யாண வூட்டுப் பந்தியில எல்லாரும் எழுந்து கை கழுவப் போயிட்டப்பறம் ஒருத்தன் மட்டும் எலைக்கு முன்னால உக்காந்துக்கினு இருந்தா எப்பிடி இருக்கும்? அப்பிடி ஆயிடுச்சி. பக்கத்துல இருக்கறவன் குனிஞ்சி என்னப் பாத்தான். ஒன்னும் சொல்லல, சும்மா பாத்தான். எழுந்துட்டேன்.

– யாரும் மெரட்டலியா?

– மெரட்டனாங்கன்னா சொல்லிக்கவாவது ஒன்னு இருக்கும். காசு கீசும் இல்ல. வெக்கமா இருந்துச்சி. அவ்ளோ தான். அதுக்குப் போயி ஒரு ஏரிய குடுத்துட்டேன்.

– அப்பறம்?

– அப்பறம் என்னா? எண்ணுனாங்க. பாஸுன்னாங்க. உக்காந்துட்டேன்.

– மேசைய தட்டனீங்க.

– என்னா?

– பாஸ் ஆனதும் எல்லாரும் மேசைய தட்டனாங்க. நீங்களும் தட்டனீங்க. ரெண்டு தபா. மூணாவதா தட்ட கைய தூக்கி, அப்பிடியே மடியில வச்சிக்கினீங்க.

– ஒனக்கு யார்றா சொன்னது?

– யாரும் சொல்லல. மேல பார்வையாளர் மாடத்துல உக்காந்திருந்தேன்.

– நீ கீழ வண்டியில தானே இருந்த!

– என் பேருக்கு ஒரு பாஸ் வாங்கிக்கினேண்ணே. உங்ககிட்ட சொல்லல. நீங்க தனியா எழுந்து நிக்கறத என் கண்ணால பாத்துட்டு, போயி மாமனாருகிட்ட சொல்லணும்னு இருந்தேன்.

– அப்ப... எல்லாம் பாத்துட்டுத் தான் வெளிய வந்து அந்தக் கதைய சொன்னியா? பதினாறு ஊர்லயும்? மாதா கோயிலு வாசல்லயுமா?

– ஆமா.

– ஏன்டா! என் மானத்தக் காப்பாத்தவா? இப்ப இதுல நான் கையெழுத்து போட்டா ஒன் பொய்க்கும் சேத்து நான் சாட்சி ஆவறேன்.

– லெட்டர்ல பொய் இல்லண்ணே. நான் சொன்ன பொய்ய நானே மாதா கோயிலு சாமியாருகிட்ட போயி சொல்லிக்கிறேன். இருங்க, ரூம்ல இருந்து கண்ணாடிய எடுத்தாறேன்... இந்தாங்க. படிங்க.

– குடு... ‘ஏரி நிலங்களை மாற்றும் சட்டத்தை நான் எதிர்க்கிறேன். ஆலங்கொல்லை ஏரியைக் கொடுக்க எனக்குச் சம்மதம் இல்லை. இதைப் பதிவு செய்துகொள்ளவும்.’ இவ்ளோ தானா?

– இவ்ளோ தான்.

– வெளிநடப்புன்னு ஒரு வார்த்த இல்ல. தப்பா எண்ணிட்டாங்கன்னு இல்ல. இதுக்கு அந்தக் கத எதுக்குடா? அன்னிக்கே வந்து என் மூஞ்சில காறித் துப்பிட்டு இத நீட்டியிருக்கலாமே.

– அன்னிக்கி நீட்டியிருந்தா கிழிச்சிப் போட்டிருப்பீங்க. அன்னிக்கே நான் உண்மைய சொல்லியிருந்தா ஊரு உங்கள மொத்தமா தல முழுகியிருக்கும், அப்பறம் நீங்க எத எழுதிக் குடுத்தாலும் யாரும் வாங்கியிருக்க மாட்டாங்க. அன்னிக்குப் போடாத ஓட்டப் போடறதுக்கு உங்களுக்குப் பத்து நாளு வாங்கிக் குடுத்தேண்ணே. அது இன்னிக்கி பதினோரு மணியோட முடியுது.