வெட்டுண்ட தலையின் வசனம்

— ரீச்சர், அவரிட்டைச் சொல்லுங்கோ, வாளை ஓங்கேக்கை என்ரை முகத்தைப் பாக்கவேணும் எண்டு.

— அருமைநாதன், அவர் உம்மட சொந்தத் தம்பி. கைக்கெட்டின தூரத்திலை நிக்கிறார். நீரே சொல்லும்.

— நான் அவரோடை கதைக்கிறேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே.

— ரீச்சர், அவரிட்டைச் சொல்லுங்கோ, வைக்கிங் தலைவன் முகம் பாத்து வெட்டுற ஆளில்லை எண்டு.

— அன்டன், அவர் சொன்னது உமக்குக் கேட்டது. நீர் சொன்னது அவருக்குக் கேட்டது. நான் எழுதின வசனம் மட்டும்தான் இன்னும் ஒருவருக்கும் கேட்கேல்லை. அடுத்த ஞாயிறு திருவிழா. கூத்தைப் பாக்க எங்கடை வில்லரேப் பகுதியிலை இருக்கிற முழுத் தமிழ்ச்சனமும் இந்த மண்டபத்துக்கு வரும். அரசரைத் தூணிலை கட்டும்.

— கட்டியாச்சு.

— ரீச்சர், இறுக்கமாக் கிடக்கு.

— புனித எட்மண்ட் அரசர் உடம்பு முழுக்க அம்பு பட்டுச் சாகப்போறார், அருமைநாதன். அவருக்குக் கயிறு ஒரு பொருட்டில்லை. அன்டன், ரெண்டு பேரும் வாதாடுற தர்க்கத்திலையிருந்து தொடங்கும்.

— “குளிர்காலம் முழுதும் உன் நாட்டில் தங்கினேன், எட்மண்டே! குதிரைகள் தந்தாய், ஏறிச் சென்றேன். நார்தம்பிரியா வீழ்ந்தது, யோர்க் நகரில் என் கொடி. மெர்சியா சமாதானம் கேட்டது. இதோ, மீண்டும் உன் வாசலில் நிற்கிறேன். மண்டியிடு!”

— “குளிரில் வந்த உனக்கு இடம் கொடுத்தேன். கேட்ட குதிரையும் கொடுத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் எழும்பிப் போனாயே, நன்றி கெட்டவனே…”

— நிப்பாட்டும். “சொல்லாமல் கொள்ளாமல்” நான் எழுதேல்லை. “நன்றி கெட்டவனே” எண்டும் எழுதேல்லை.

— உணர்ச்சியிலை வந்திட்டுது, ரீச்சர்.

— வைக்கிங்குகள் வந்தவை, குளிர்காலம் தங்கினவை, குதிரை வாங்கினவை, சமாதானம் செய்துபோட்டுப் போனவை. சொல்லிப்போட்டுப் போனவையோ இல்லையோ எண்டதுக்குச் சரித்திரத்திலை ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததை என்ரை மேடையிலை சொல்லவேண்டாம்.

— அப்ப, ரீச்சர், ராசா குதிரை குடுத்தது அன்பிலையோ, துலைஞ்சு போகட்டும் எண்டோ? அதுக்கு ஆதாரம் இருக்கோ?

— இல்லை, அன்டன்.

— நான் சொல்லுறன். தம்பியைக் கனகாலம் பேஸ்மென்றிலை வைச்சிருந்து, ஓடுறதுக்குப் பழைய காரையும் குடுத்துப்போட்டு, இதே மண்டபத்திலை, திருவிழாச் சாப்பாட்டுக்கு நிக்கேக்கை ஒரு ஆள் “இது ஆர்?” எண்டு கேக்க, “கீழை வாடகைக்கு இருக்கிறவர்” எண்டு சொல்லுறது அன்போ? கையிலை கோப்பையோடை பக்கத்திலை நிண்டனான், ரீச்சர்.

— ரீச்சர், அவரிட்டைச் சொல்லுங்கோ, கேட்ட அந்த ஆள் ஊரெல்லாம் கதை காவித் திரியிற ஆள் எண்டு. இவர் கனடாவுக்கு வந்திறங்கினது வேற ஒருத்தன்ரை பேரிலை. அகதி வழக்கு அப்ப முடியேல்லை. என்ரை தம்பி எண்டு வாயைத் திறந்திருந்தால், அடுத்த கேள்வி “ஏன் பேர் வேறையாக் கிடக்கு?” எண்டதுதான்.

— அன்டன், இது உமக்குக் கேட்டதோ?

— கேட்டது. ரீச்சர், ஏன் இதை அண்டைக்கே எனக்குச் சொல்லேல்லை எண்டு கேளுங்கோ.

— சொல்லத்தான் வந்தனான். வேலையாலை பனிக்குள்ளை விழுந்தெழும்பி வந்து பாக்கிறன், பேஸ்மென்ற் வெறுமை. மேசையிலை நான் குடுத்த காரின்ரை திறப்பு. ஆருக்குச் சொல்லுறது, ரீச்சர்? கட்டில், யன்னல்… அதுகளுக்கோ?

— “கட்டில், யன்னல், அதுகளுக்கோ” எண்டு விட்டால் அது வசனம் இல்லை, அருமைநாதன். கோபம் வந்தாலும் வசனத்தை ஒழுங்காக் கட்டும்.

— கோவத்திலை நாக்குப் புரளுது. கட்டிலுக்கோ யன்னலுக்கோ சொல்லுறது எண்டு கேட்டனான்.

— அது வசனம். இனி, தர்க்கத்தோடை ஒட்டாத ஒண்டைக் கேக்கிறன். சனிக்கிழமை அன்டன்ரை மகள் ஜென்சிக்குக் கலியாணம். அவளை ஊரிலை ஞானஸ்நானத் தண்ணி வாக்கேக்கை தூக்கிப் பிடிச்ச ஞானத்தகப்பன் நீர். போறீரோ?

— அழைப்புக் காட் தபாலிலை வந்தது, ரீச்சர். முத்திரை ஒட்டி. அண்ணனுக்குக் கலியாணம் சொல்லுறதெண்டால் புருஷன் பெண்சாதியா வீட்டை வந்து, வாயாலை சொல்லுறது. தபால்காரன் சொன்ன கலியாணத்துக்கு நான் போறேல்லை.

— ரீச்சர், நான் அவரின்ரை வில்லரே வீட்டுக்கு முன்னாலை ரெண்டு முறை காரை நிப்பாட்டினனான். கதவைத் திறக்காமல் விட்டிடுவாரோ எண்ட பயத்திலை இறங்கேல்லை. பெரியப்பா வராமல் தான் கோயிலுக்கை கால் வைக்கமாட்டன் எண்டு ஜென்சி ஒரே அழுகை. அதுவும் பிரெஞ்சிலை அழுகிறாள். பிரெஞ்சிலை அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்த எனக்குச் சொல்லு வராது.

— விளங்கீற்று. இதுக்கும் என்னட்டைப் பிரதி இல்லை. கூத்துக்கு வருவம். அரசரை வெட்டியாச்சு எண்டு வையுங்கோ. கயிற்றை அவிட்டுவிடும், அன்டன். அருமைநாதன், இனி நீர் தலை மட்டும். திரைக்குப் பின்னாலை போம்.

— இங்கை இருட்டாக் கிடக்கு, ரீச்சர்.

— தலைக்கு வெளிச்சம் தேவையில்லை. கவனமாக் கேளும். எதிரிகள் தலையைக் காட்டுக்குள்ளை எறிஞ்சுபோட்டுப் போயிட்டினம். சனங்கள் “எங்கே, எங்கே” எண்டு தேடுதுகள். தலை “இங்கே” எண்டு பதில் சொல்லும். ஒரு ஓநாய் தலைக்குக் காவல் இருக்கும். இது ஐதீகம்.

— ஓநாய் ஆர், ரீச்சர்?

— சாரங்கன். அவருக்குத் தடிமன். வரேல்லை. தேடுற ஆள் டனிஸ்ரன். அவருக்கும் டோர்வல் எயர்போட்டிலை பெட்டி ஏத்துற வேலை. ஆகவே, அன்டன், இண்டைக்கு நீர் தேடும்.

— வெட்டினவனே தேடுறதோ, ரீச்சர்? சனம் சிரிக்கும்.

— எட்மண்டின்ரை நாடு கிழக்கு ஆங்கிலியாவைப் பிடிச்ச வைக்கிங்குகள் அங்கையே வயல் உழுது குடியிருந்தவை. ஒரு தலைமுறைக்குள்ளை, தாங்கள் கொண்ட அரசரைப் புனிதர் எண்டு எழுதி, அவரின்ரை பேரிலையே நாணயம் அடிச்சவை. இதுக்கு ஆதாரம் இருக்கு. அதோடை ஒப்பிட்டால் தேடுறது சின்ன வேலை. தொடங்கும்.

— “அரசே, எங்கே இருக்கிறீர்?”

— “இங்கே.”

— உயிரில்லை, அருமைநாதன்.

— வெட்டின தலை, ரீச்சர்.

— வெட்டின தலை எண்டாலும், தன்னைத் தேடி ஒரு ஆள் வந்திட்டுது எண்ட ஆறுதல் குரலிலை வேணும். அன்டன், உம்மட குரலும் தொலைஞ்ச திறப்பைத் தேடுற குரல். திரும்ப.

— “அரசே…” … அண்ணை. எங்கை நிக்கிறியள்?

— அருமைநாதன், உம்மட வசனம்.

— இங்கைதான்ரா. நீ போன நாளிலையிருந்து இங்கைதான் நிக்கிறன்.

— சனிக்கிழமை பத்து மணிப் பூசை, அண்ணை. அண்ணியையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. வாயாலை சொல்லுறன்.

— திரைச்சீலைக்குச் சொல்லுறதோடா அழைப்பு? பின்னேரம் வீட்டை வா. மனிசியையும் கூட்டிக்கொண்டு வா. முதல், இந்தத் திரையைப் பிடிச்சு இழு, வழி தெரியேல்லை.

— ரீச்சர், அண்ணை வீட்டை வரச் சொல்லுறார்!

— எனக்கும் காது இருக்கு, அன்டன். இனி ஒண்டையும் என்னட்டைச் சொல்லத் தேவையில்லை. டனிஸ்ரன், வேலை எண்டு நான் சொன்ன பொய்யும் நீர் படிக்கட்டிலை ஒளிச்சிருந்ததும் போதும், உள்ளுக்கு வாரும். தடிமன் இல்லாத ஓநாயையும் கூட்டிக்கொண்டு வாரும்.