ஊர்க்காரன் மாமா ஆனான்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அந்தமானின் போர்ட் பிளேரில், சென்னைக்குப் போகும் மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் வரிசை. எனக்கு முன்னால் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள்.

“தீவுல சொந்தமில்லைன்னு ஒரு ஊர்க்காரனை மாமாவாக்கினோம். நம்ம பொண்ணு மேலயே கை வச்சிருக்கான். அவன் இங்க இருப்பான், நாம கப்பலேறி ஓடணுமா?”

“மெதுவாப் பேசுடி. அவ ஏன் முன்னாடியே சொல்லலை?”

“சொன்னாளே! அவன் வந்தாலே வயித்துவலின்னு படுத்துக்கிட்டா. ‘மாமாவுக்கு மரியாதை இல்லையா’ன்னு அடிச்சு எழுப்பினது நீங்க. அப்புறம் எந்த வாயால சொல்லுவா?”

அவர் கையிலிருந்த டிக்கெட் பாரத்தை மடித்தார். அவள் விடவில்லை.

“‘உன் மேல தப்பில்லை’ன்னு அவகிட்ட நான் சொல்லிட்டேன். அப்பா நம்புவாரான்னு கேக்குறா. போலீஸ் தாணாவுக்கு வர்றீங்களா, நான் மட்டும் போகட்டுமா?”

வரிசையில் தன் இடத்தை எனக்கு விட்டுவிட்டு, அவர் அவள் பின்னால் நடந்தார்.

படித்தவர்கள் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் நாலு வீட்டில் சொல்லுங்கள்.