பதினாறாவது குழி

அனிதா: அண்ணே, ஏன் வண்டிய நிப்பாட்டிட்டீக? திருப்பத்தூர் தாண்டியாச்சு. காரைக்குடில எல்லாரும் காத்துக்கிட்டு…

ஜெரால்டு: ஒரு டீ குடிப்போம்.

அனிதா: இப்பத்தானே குடிச்சோம்!

ஜெரால்டு: இன்னொன்னு குடி.

அனிதா: சர்ச் வாசல்ல பேண்டு செட்டு வந்து நிக்குதாம். ஃபாதர் கப்ப மந்திரிக்கணுமாம். அம்மா போன் மேல போன் போடுது.

ஜெரால்டு: கப்பு… எங்க வச்சிருக்க?

அனிதா: மடியிலதேன். டிவில கோல்ஃபு கமெண்ட்ரிக்கு உக்காந்து கண்ணுக்கெட்டாத பந்தெல்லாம் எங்குட்டுப் போகுதுன்னு சொல்றீக, இது தெரியலயாக்கும்!

ஜெரால்டு: காலையில போட்டிக் கமிட்டிலருந்து பேசுனாக.

அனிதா: …உங்ககிட்டயா?

ஜெரால்டு: உனக்குக் கோச்சு நான்தானே.

அனிதா: தோள்பட்ட மட்டும் போகலன்னா இந்தக் கப்பு நீங்க வாங்க வேண்டியதுண்ணே. நீங்க ஆடுற ஆட்டத்துக்கு…

ஜெரால்டு: பேச்ச மாத்தாத. பதினாறாவது குழி. பந்து புல்லுக்குள்ள கெடந்துச்சுல்ல? நீ மட்டையப் பக்கத்துல வைக்கயில அசஞ்சிருச்சாம். யாரோ வீடியோ அனுப்பியிருக்காக.

அனிதா: எம்புட்டு அசஞ்சுச்சாம்?

ஜெரால்டு: ஒரு நெல்லு அளவு.

அனிதா: அம்புட்டுத்தானா…

ஜெரால்டு: அசஞ்சா அசஞ்சதுதேன். இந்த ஆட்டத்துல நம்ம தப்ப நாமளே சொல்லணும். உனக்குத் தெரியாம அசஞ்சிருந்தா ஒண்ணுமில்ல, கப்பு உன்னுது. தெரிஞ்சும் அந்தத் தப்புக்கு ஒரு அடி கணக்குல சேக்காம ஸ்கோர் அட்டையில கையெழுத்துப் போட்டிருந்தா…

அனிதா: கப்பு போயிரும்.

ஜெரால்டு: பேரும் போயிரும்த்தா. இப்ப உன்னையக் கூப்புடுவாக. பாக்கலன்னு ஒத்த வார்த்த சொல்லிரு.

அனிதா: பாத்தியான்னு நீங்க என்னையக் கேக்கவே இல்லயேண்ணே.

ஜெரால்டு: எதுக்குக் கேக்கணும்? அந்தப் புல்லுக்குள்ள எவனுக்குத் தெரியும்?

அனிதா: உங்களுக்கு?

ஜெரால்டு: நான் அங்குட்டு ஒரு ரூமுக்குள்ள மைக்கோட இருந்தேன்…

அனிதா: முன்னால டிவி இருந்துச்சுல்ல?

ஜெரால்டு: …இந்தா, போன் அடிக்குது. அவுகதேன். இரு, எடுக்காத. பாக்கலன்னு சொல்லுவதானே? சொல்லு தாயி…

அனிதா: பாத்தேண்ணே. பாத்துட்டுத்தேன் வாய மூடிக்கிட்டேன். நேத்து அந்த ஆட்டத்தத் திரும்பப் போட்டுக் கேட்டேன். பந்து அசையவும் நீங்க அத விட்டுட்டு, ‘காத்து ரொம்ப வீசுது’ன்னு பேச ஆரம்பிச்சுட்டீக… அன்னைக்கு அங்க ஒரு எலகூட அசையலண்ணே.