அவள் கேட்ட நிதானம்

இந்த நாற்காலி எனக்கு இரண்டு விரற்கடை உயரம் போதாது. பரவாயில்லை. பியானோ வாசிக்கிறவர்கள் எங்கே போனாலும் முதலில் நாற்காலியைத்தான் பார்ப்போம். முதுகு நேராக இருந்தால் பேச்சும் நேராக வரும் என்பது என் நம்பிக்கை. நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

என் தங்கையை வீட்டில் குருவி என்று கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயது இளையவள். பிறந்ததிலிருந்தே இளைப்பு. தூசி ஆகாது, புகை ஆகாது, பூவாசம் கொஞ்சமும் ஆகாது. "பெரியவளுக்கு விரலைக் குடுத்தான், சின்னவளுக்கு மூளையைக் குடுத்தான். நுரையீரல் குடுக்கிற நேரத்துல கடையைச் சாத்திட்டுப் போயிட்டான்" என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போதே அவர் கை இன்ஹேலரைத் தேடிக்கொண்டிருக்கும். அவர் போன பிறகு அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது. அவள் கோட்டுப் பையில் ஒன்று, என் கைப்பையில் ஒன்று. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் மறந்ததில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் மேடையில் வாசித்தேன். அவள் வீட்டில் உட்கார்ந்து இசை எழுதினாள். எழுதியதெல்லாம் அலமாரிக்குள் போனது; ஒன்று மட்டும் என் கைக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு ரொமான்டிக் பாணி இசைமேதைக்குச் சமர்ப்பணமாக எழுதிய சின்ன உருப்படி. அவரும் மூச்சுக்குத் திணறி இளம் வயதில் செத்தவர். அதனால் குருவிக்கு அவர்மேல் ஒரு சொந்தக்காரப் பாசம். அவருடைய மெட்டு எதையும் அவள் எடுக்கவில்லை. ஆனாலும் முதல் வரியிலேயே அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். இடது கை ஏறும், இறங்கும், சட்டென்று நின்றுவிடும். அந்த இடத்தில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு.

நான் காத்திருந்ததில்லை. கச்சேரி முடிந்தும் கைதட்டல் ஓயாவிட்டால் கூடுதலாக ஒன்று வாசிப்போம், என்கோர் என்போம். எழுந்து போகத் தயாராக இருக்கிற கூட்டத்திடம் நிதானம் எடுபடாது. ஏழு நிமிட உருப்படியை நான் நான்கு நிமிடத்தில் வாசித்தேன். ஒன்பது வருடம் எந்த ஊரிலும் அதற்குத்தான் எழுந்து நின்றார்கள். இரண்டு மணி நேரம் நான் உயிரைக் கொடுத்து வாசித்ததை விட்டுவிட்டு அந்த நான்கு நிமிடத்தைப் பற்றியே பேசினார்கள். அதை எழுதியதும் நான்தான் என்று ஒரு பத்திரிகைக்காரர் போட்டார். நான் மூச்சு விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கச்சேரி. இடைவேளையில் குருவி மேடைக்குப் பின்னால் என் அறைக்கு வந்தாள்.

"அக்கா, இன்னைக்கு அதை வாசிக்கறதுக்கு முன்னாடி என் பேரைச் சொல்லிடுறியா?"

"சொல்றேன். அதுக்கென்ன?"

"இன்னொண்ணு. கோவிச்சுக்காதே. அதை வேற ஒருத்தர்கிட்ட குடுத்திருக்கேன். இனிமே அவர் வாசிக்கட்டும். நீ இன்னைக்கோட விட்டுடு."

"ஏன்?"

"நீ அதை ஓட்டப்பந்தயம் ஆக்கிட்டே. எங்கெல்லாம் நிக்கணுமோ அங்கெல்லாம் ஓடுறே. ஒன்பது வருஷமா சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்குது."

எனக்குக் கோபம் வந்ததா என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருந்தது. தொட்டால் தெரிந்தது, வலிக்கவில்லை. குளிர்கிறது என்று சொல்லி அவள் கோட்டை வாங்கிப் போர்த்திக்கொண்டேன். மேடை ஓரத்தில் ஒரு நாற்காலியின் முதுகில் அதைப் போட்டுவிட்டு இரண்டாம் பாதியை வாசிக்கப் போனேன். என் கைப்பை அறை அலமாரிக்குள் இருந்தது. சாவி என்னிடம்.

வாசித்து முடித்ததும் பூங்கொத்து வந்தது. பெரிய வெள்ளைப் பூக்கள். வழக்கமாக அறைக்கு வெளியிலேயே வைக்கச் சொல்லிவிடுவேன். அன்று நானே வாங்கிக்கொண்டு போய், அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அருகில் மேஜையில் வைத்தேன். அந்த அறையில் இருந்தது ஒரே மேஜைதான்.

சீக்கிரமே இளைப்பு ஆரம்பித்துவிட்டது. "அக்கா, பம்ப்" என்றாள். இன்ஹேலரை அவள் அப்படித்தான் சொல்வாள். அலமாரியை இழுத்துப் பார்த்தாள். வெளியே கைதட்டிக்கொண்டிருந்தார்கள். "இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மேடையில் அவள் பெயரைச் சொன்னேன். பதிவில் நீங்களே கேட்டிருப்பீர்கள். இதை எழுதியவள் என் கூடப்பிறந்தவள் என்றேன். பலத்த கைதட்டல். முன்வரிசையில் ஓர் அம்மாள், "அவங்களை மேடைக்குக் கூப்பிடுங்களேன்" என்றார். "அவளுக்குக் கூச்சம், வரமாட்டாள்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு ஏழு நிமிடமும் வாசித்தேன். எங்கே நிற்கச் சொல்லி எழுதியிருந்தாளோ அங்கே நின்றேன். அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவள் சொன்னது சரிதான். அந்த உருப்படிக்கு அந்த நிதானம் வேண்டும். வேண்டுமென்றே நேரத்தைக் கடத்தினேன் என்கிறீர்கள். கடத்தவில்லை. அவளுக்குச் செய்யவேண்டிய மரியாதையை முதல்முறையாக முழுசாகச் செய்தேன்.

திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது என்று முதல் நாள் வாக்குமூலத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்த வரியை அடித்துவிடுங்கள். வரும் வழியில் கோட்டை எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்தேன். அலமாரிக்குக் கீழே தரையில் சாய்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. என்னைப் பார்த்தாள். கோட்டையும் பார்த்தாள். கையைக் கொஞ்சம் தூக்கினாள். எங்களுக்கு நடுவில் நாலே எட்டுதான்.

வெளியே கைதட்டல் ஓயவில்லை. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போய், அதையே இன்னொரு முறை வாசித்தேன். கூட்டத்தைக் காக்க வைப்பது எனக்குப் பழக்கமில்லை.