கண்ணாடியைத் துடைத்தேன்

“காபி வேண்டாம் சார், தண்ணி போதும். அந்த வாசனை ஒருதரம் மூக்குல ஏறிடுச்சுன்னா அரை நாளைக்கு வேலை ஓடாது. பழக்கதோஷம்.”

என்ன, டீயா? சரி, அதுவும் வேண்டாம். கொஞ்சம் எழுந்து நடக்கலாமா? ஒரு மாதமாக ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. நடந்துகொண்டே சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். நாலைந்து வடிசாலைகளில் முளைகட்டிய பார்லியிலிருந்து வடித்த மால்ட் விஸ்கியை வாங்குவோம். வேறு தானியச் சரக்கு ஒரு சொட்டும் சேர்க்காமல் அவற்றை ஒன்றோடொன்று கலந்து, இரண்டாள் உயர மரத்தொட்டியில் சில மாதம் விட்டுவைப்போம். கூடிப் பழகட்டும் என்று. ஆட்கள் அதைக் கல்யாணத் தொட்டி என்பார்கள். எதில் எத்தனை பங்கு என்று முடிவு செய்பவர் தலைமைக் கலவைக்காரர். அவர்தான் என் அக்காவின் கணவர். நான் அவருடைய உதவியாள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் அத்தானுக்கு வாசனை தெரியாமல் போய்விட்டது. அக்காவுக்குக்கூடச் சொல்லவில்லை. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கித் தீய்ந்துகொண்டிருக்கிறது, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். “இதென்ன, கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க?” என்று அக்கா கத்தினாள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

“வெளியில தெரிஞ்சா நான் செல்லாக்காசு மாப்ள,” என்றார் மாடிப்படியில். “உன் மூக்கைக் கொஞ்சம் குடு.”

கொடுத்தேன். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது என்பதற்காக நீலக் குவளைகளில்தான் முகர்வோம். அவர் முகர்வது போல் பாவனை செய்வார், எதிரே நான் நிஜமாக முகர்வேன். ஆகாது என்றால் தொண்டையைச் செருமுவேன். நல்லது என்றால் என் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைப்பேன். ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது.

அப்படி உருவானதுதான் எங்கள் புது விஸ்கி. நீங்கள் குடித்திருக்கலாம். தேன் வாசனை, பழுத்த பேரிக்காய், கடைசியில் இழைத்த மரத்தின் மெல்லிய இனிப்பு. முதல்முறை குடிக்கிறவரும் முகம் சுளிக்க மாட்டார். ஐஸோ சோடாவோ எதைப் போட்டுக் குடித்தாலும் கோபித்துக்கொள்ளாது. யாரையும் மிரட்டாத ஒன்றைச் செய்ய வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை. பெட்டியில் அத்தானின் கையெழுத்து இருந்தது. அதில் எனக்கு வருத்தமில்லை.

போன மாதம் அத்தான் சொன்னார்: “இது விஸ்கியா, இருமல் மருந்தா? தொண்டையில ஒண்ணுமே தெரியலையே. அடுத்த தொட்டியில மூணுல ஒரு பங்கு புகை மால்ட் ஊத்தலாம்.”

புகை மால்ட் என்றால் பார்லியைப் புகைமூட்டிக் காயவைத்து வடித்தது, கரி வாசனை தூக்கலாக அடிக்கும். பாவம், மூக்கு போனவருக்குக் காந்தல் மட்டும்தான் தெரியும். தன் தொண்டைக்கு எரிய வேண்டும் என்பதற்காக அத்தனை பேர் குவளையிலும் கரி அள்ளிப் போடப் பார்த்தார். “கெட்டுடும் அத்தான்,” என்றேன்.

“கையெழுத்து என்னுதுடா.”

அன்றிலிருந்துதான் இந்த நடை. பீப்பாய் வரிசைகளுக்கு நடுவே போவேன், வருவேன்.

தொட்டியைக் காலி செய்ததும் அடியில் சாராய ஆவி படிந்து நிற்கும். இறங்கினால் நாலு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். அதை அளக்க ஒரு கருவி உண்டு. அத்தான் இருபது வருடமாக அதைத் தொட்டதில்லை. “இந்த டப்பாவைவிட என் மூக்கு சீனியர்” என்று மூடியைத் திறந்து தலையை நீட்டுவார், ஆட்கள் சிரிப்பார்கள். மூக்கு போன பிறகு திடீரென்று கருவியைக் கேட்டால் சந்தேகம் வராதா? அதனால் அவர் தலையை நீட்டுவார், பின்னாலேயே நானும் நீட்டுவேன். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. ஆட்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். புகை மால்ட் ஊற்றுவதற்கு முன் தொட்டிப் பலகைகளை உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும் என்றார். ஆவியை இழுக்கும் விசிறியை நான் காலையிலேயே நிறுத்தியிருந்தேன், அந்தச் சத்தம் எனக்கு ஆகாது. அவர் தலையை நீட்டினார். நானும் நீட்டினேன்.

“லேசாக் காந்துற மாதிரி இருக்கே மாப்ள?”

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

நான் ஒரு வார்த்தைகூடப் பொய் பேசவில்லை என்பதைத் தயவுசெய்து வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அவர் ஏணியில் இறங்கினார். கழுவ வேண்டிய நீலக் குவளைகள் பதினொன்று இருந்தன. ஏழாவதைக் கழுவும்போது பலகையில் இரண்டு தட்டு கேட்டது. எடுத்த வேலையைப் பாதியில் விடும் வழக்கம் எனக்கு இல்லை. மீதி நாலையும் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

“கடைசியா என்னடா சொன்னார்?” என்று அக்கா கேட்டாள். “உன் பேரைத்தான் சொன்னார்க்கா,” என்றேன். அவளுக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? யார் மனதையும் நோகடிக்க எனக்கு வராது.

மறுநாளே அடுத்த கலவையை நான் செய்தேன். முதல் குவளையை முகர்ந்தேன், வெறும் காற்று. பதினொன்றையும் முகர்ந்தேன், எதிலும் வாசனை தெரியவில்லை. உங்கள் டீயைக் காபி என்றேனே, கோப்பையின் நிறத்தைப் பார்த்துச் சொன்னதுதான். புகை மால்ட் பீப்பாய்களும் பக்கத்திலேயே நின்றன. அத்தான் எழுதி ஒட்டிய சீட்டுகளைப் படித்துத்தான் ஊற்றினேன்.

அந்தத் தொட்டியிலிருந்து எடுத்த மாதிரிப் புட்டி உங்கள் மேஜைமேல் இருக்கிறது.

“அதைத் திறந்து ஒருதரம் மோந்து பாருங்க சார். தேன் வருதா, புகை அடிக்குதா, அதை மட்டும் சொல்லுங்க. நீங்க எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிக்கிறேன்.”